மலைக்குப் போகுமுன் பையைத் திறந்து பாருங்கள்

வானொலியில் சனிக்கிழமை காலை நிகழ்ச்சி நடத்துகிறவளுக்கு நேயர்களின் வார இறுதி அத்துப்படி. யார் வீட்டில் நிச்சயதார்த்தம், யார் கேமரன் மலைக்குப் போகிற வழியில் நெரிசலில் மாட்டிக்கொண்டார்கள் என்பதெல்லாம் வாட்ஸ்அப் குரல் பதிவாக வந்து விழும். சில ஆண்டுகளாக அந்தக் கூட்டத்தில் மலையேறுகிறவர்களும் சேர்ந்துவிட்டார்கள். "அக்கா, நாங்க புக்கிட் புரோகா உச்சியில இருக்கோம், ராஜா சார் பாட்டு ஒண்ணு போடுங்க" என்று மூச்சிரைக்க ஒரு குரல் வரும். அதன் பின்னாலேயே இன்னொரு குரல்: "அக்கா, அடுத்த மாசம் நுவாங் ஏறப் போறோம். எந்தச் சப்பாத்து நல்லது?"

பாட்டு முடிந்ததும் செய்தி நேரம். மலையேறப் போனவர் இன்னும் திரும்பவில்லை, தீயணைப்பு மீட்புத் துறையினர் தேடுகிறார்கள் என்ற வரி அவ்வப்போது அந்தச் செய்தித் தாளில் இருக்கும். பாட்டுக் கேட்டவரும், தேடப்படுகிறவரும் ஏறுவது ஒரே மலைகளைத்தான். அதனால்தான் சப்பாத்துக் கேள்விக்கு அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போக எனக்கு மனம் வருவதில்லை. நான் பயிற்சி பெற்ற வழிகாட்டி இல்லை. நண்பர்களோடு பத்து ஆண்டுகளாக மலையேறுகிறவள். அந்த அனுபவத்தில் தெரிந்ததை இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நம் காடு வேறு

மலையேற்றப் பொருள்களைப் பற்றி யூடியூப்பில் பேசுகிறவர்களில் பலர் பனி பெய்யும் நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது அவர்கள் மலைக்குச் சரி. நம்முடையது மழைக்காடு. காலையில் வெயில் கொளுத்தும், பிற்பகல் மூன்று மணிக்கு இடி இடிக்கும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும். உடம்பு மழையில் நனையாவிட்டாலும் வியர்வையில் நனைந்துவிடும்.

இந்த ஒரு வித்தியாசம் கடையில் நாம் எடுக்க வேண்டிய முடிவுகளில் பாதியை மாற்றிவிடுகிறது. தண்ணீர் புகாத சப்பாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விலை பல நூறு வெள்ளி. அதன் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு வெளித் தண்ணீரைத் தடுத்து, உள்ளிருக்கும் வியர்வை ஆவியை வெளியே விட வேண்டும். ஆவி வெளியேற, வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட உலர்ந்திருக்க வேண்டும். நம் காட்டில் அந்த வித்தியாசம் மிகக் குறைவு. வியர்வை உள்ளேயே நிற்கும். ஆற்றைக் கடக்கும்போது மேல்வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டால், புகுந்த தண்ணீர் வெளியேறவும் வழி இருக்காது. இரண்டு வாளியைக் காலில் மாட்டிக்கொண்டு நடப்பது போலத்தான்.

ஆகவே நம் காட்டுப் பாதைகளுக்குக் காற்றோட்டமான வலைத்துணியில் செய்த, உள்ளே புகுந்த தண்ணீர் நாலு எட்டு வைத்ததும் வழிந்துவிடும் சப்பாத்துப் போதும். அடிப்பாகத்தில் சேற்றைப் பிடிக்கும் ஆழமான பற்கள் இருக்க வேண்டும். ஜிம்முக்குப் போடும் வழுவழுப்பான சப்பாத்து சேற்றில் சறுக்கும். விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்கட்டும். ஏறும்போது அது தெரியாது. இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் விரல் முன்னே போய் இடிக்கும், நகம் கறுத்துவிடும். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும், அந்த நேரத்தில், மலைக்குப் போடும் காலுறையோடு போய்ச் சப்பாத்தை அளவு பாருங்கள்.

இத்தனை பேசிவிட்டு 'கம்போங் அடிடாஸ்' பற்றிச் சொல்லாமல் போனால் மலை மன்னிக்காது. பெயரில்தான் அடிடாஸ், உண்மையில் அது ஒரே வார்ப்பாக ரப்பரில் செய்த, அடியில் பற்கள் வைத்த கறுப்புச் சப்பாத்து. மளிகைக் கடை வாசலில் தொங்கும். தோட்டத்தில் வேலை செய்தவர்கள் போட்டது. சபாவில் சுமை தூக்கும் மலைவாழ் மக்கள் இதைப் போட்டுக்கொண்டு கினபாலுவில் ஏறி இறங்குகிறார்கள். சேற்றில் இதன் பிடி அருமை. ஒட்டிய அடிப்பாகம் ஏதும் இல்லாததால் பிய்ந்து வரவும் எதுவும் இல்லை. மெத்தை இல்லை என்பதால் பழகாத பாதம் நீண்ட பாதையில் நோகும். தடித்த காலுறை போட்டு, முதலில் சின்னக் குன்றில் பழகிக்கொள்ள வேண்டும். விலையைப் பார்த்து ஏளனம் செய்யாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

பிய்ந்துபோன அடிப்பாகம்

அடிப்பாகம் பிய்வது பற்றிச் சொன்னதற்குக் காரணம் உண்டு.

குனோங் நுவாங், 1,493 மீட்டர். சிலாங்கூரின் உயரமான மலைகளில் ஒன்று. உலு லங்காட், பங்சூன் பக்கமிருந்து ஏறினால், முதலில் முடிவே இல்லாதது போல் ஒரு நீண்ட மண்சாலை. பிறகு ஆற்றோரம் கெம் லோலோ. அதற்கப்புறம் வேர்களைப் பிடித்து ஏறும் செங்குத்து. மேலே கெம் பாச்சாட். பாச்சாட் என்றால் அட்டை. பெயர் வைத்தவர் பொய் சொல்லவில்லை. அதைத் தாண்டி பெங்காசே என்ற பொய் உச்சி, அதற்கும் அப்பால்தான் உண்மையான உச்சி. போய்வர, வேகத்தைப் பொறுத்து, 8 முதல் 12 மணி நேரம் ஆகலாம்.

சில ஆண்டுகளுக்கு முன்னால் நாங்கள் எட்டுப் பேர் போனோம். குழுவில் இளையவன் ஒரு தம்பி, இருபத்து மூன்று வயது. அண்ணனுடைய பழைய மலையேற்றச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். நல்ல பிராண்டுதான். ஐந்தாறு வருடமாகப் பெட்டிக்குள்ளேயே இருந்ததால் பார்க்கப் புத்தம் புதிது.

இறங்கும் வழியில், மூன்று மணி மழையில், பெங்காசேவுக்கும் கெம் பாச்சாட்டுக்கும் நடுவில் வலது சப்பாத்தின் அடிப்பாகம் முழுசாகக் கழன்று வந்துவிட்டது. பத்து நிமிடத்தில் இடதும் அப்படியே. காரணத்தைப் பிறகு தெரிந்துகொண்டேன். பல சப்பாத்துகளில் அடிப்பாகத்துக்கு மேலே பாலியூரித்தேன் என்ற நுரைப் பொருளில் ஓர் அடுக்கு இருக்கும். காற்றில் உள்ள ஈரம் பட்டுப் பட்டு அது உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். போட்டு நடக்கிற சப்பாத்தைவிட, போடாமல் பெட்டியில் வைத்த சப்பாத்து நம் ஊர் ஈரத்தில் இப்படிச் சீக்கிரம் கெடுவதுண்டு. வெளித்தோற்றம் எதையும் காட்டிக்கொடுக்காது.

எங்களை வழிநடத்தியவர் ஓய்வுபெற்ற சீன ஆசிரியர். தண்ணீர்ப் புட்டியைச் சுற்றித் துணி டேப் ஒட்டி வைத்திருப்பார்; பையின் ஓரத்தில் பத்துக் கேபிள் டை இருக்கும். இரண்டு அடிப்பாகத்தையும் இறுக்கிக் கட்டிவிட்டார். ஆனால் அதற்குள் தம்பி வழுக்கி விழுந்து முட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான். மணிக்கு அரைக் கிலோமீட்டர் கூட நகர முடியவில்லை. பருத்திச் சட்டை, ஜீன்ஸ், எல்லாம் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு கட்டத்தில் அவன் பற்கள் அடித்துக்கொள்ளத் தொடங்கின. பேச்சுக் குழறியது.

மலேசியாவில் குளிரால் ஆபத்து வருமா என்று கேட்பவர்களுக்கு அந்த முகத்தைக் காட்ட வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். அது மட்டும் என்றால் பரவாயில்லை. நனைந்த துணி, காற்று, களைப்பு, வெறும் வயிறு நான்கும் சேர்ந்தால் உடம்பு தன் சூட்டைக் காப்பாற்ற முடியாமல் திணறும். பருத்தி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்புச் சூட்டையும் உறிஞ்சும். ஆசிரியர் அவன் சட்டையைக் கழற்றச் சொன்னார். என் பையில் பிளாஸ்டிக்கில் சுற்றிய உலர்ந்த சட்டை ஒன்று இருந்தது. அதைப் போட்டு, மேலே வெள்ளித்தாள் போன்ற அவசரப் போர்வையைச் சுற்றி, அதற்கும் மேலே பெரிய கறுப்புக் குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிவிட்டோம். இனிப்பான மைலோவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தோம். இருபது நிமிடத்தில் நடுக்கம் குறைந்து, "அக்கா, நான் குப்பைத் தொட்டி மாதிரி இருக்கேனா?" என்று கேட்டான். அப்போதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

கெம் லோலோவுக்கு வரும்போது ஏழு மணி. திறந்த வெளியில் அந்த நேரம் வெளிச்சம் மிச்சமிருக்கும். மரங்களுக்கு அடியில் கும்மிருட்டு. எட்டுப் பேரிடமும் தலைவிளக்கு இருந்தது. காலையில் வண்டி நிறுத்துமிடத்தில் ஒவ்வொருவர் விளக்கையும் ஆசிரியர் போட்டுக் காட்டச் சொல்லியிருந்தார். பகல் பயணத்துக்கு எதற்கு விளக்கு என்று சிலர் முணுமுணுத்தார்கள். இரவு அதே விளக்கில் நடந்தார்கள். பத்து மணிக்குக் கீழே வந்தோம். தம்பியின் அம்மா காரில் காத்திருந்தார். எதுவும் கேட்கவில்லை. மகனை உட்கார வைத்து, கேபிள் டையை ஒவ்வொன்றாக வெட்டிச் சப்பாத்தைக் கழற்றினார். கை நடுங்கியது.

அன்று எங்களைக் காப்பாற்றிய பொருள்களைக் கணக்கிட்டுப் பாருங்கள். டேப், கேபிள் டை, குப்பைப் பை, வெள்ளித்தாள் போர்வை, ஓர் உலர்ந்த சட்டை, மைலோ. விளக்கைத் தவிர எல்லாவற்றையும் சேர்த்தாலும், அந்தச் சப்பாத்தின் விலையில் கால் பங்கு வராது.

எதை முதலில் வாங்குவது?

அதற்குப் பிறகு எந்தப் பொருளை எடுத்தாலும் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: திட்டமிடாத ஓர் இரவைக் காட்டில் கழிக்க நேர்ந்தால் இது எனக்கு உதவுமா? கையில் இருக்கும் பணத்தை அந்த வரிசையில் செலவிட்டால் போதும்.

முதலில் தலைவிளக்கு. கைத்தொலைபேசி வெளிச்சம் விளக்காகாது. ஒரு கையைக் கட்டிப்போடும், உதவிக்கு அழைக்க வேண்டிய மின்கலத்தையும் குடித்துவிடும். 200 லூமென் வெளிச்சம் நடப்பதற்குத் தாராளம். மழை தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள், மாற்று மின்கலமும் வையுங்கள்.

இரண்டாவது, உலர்ந்த ஒரு சோடித் துணி. விளையாட்டுக்குப் போடும் பாலியெஸ்டர் சட்டை இருந்தாலே போதும். அதைத் தண்ணீர் புகாத பையில் கட்டி வைக்க வேண்டும். முதுகுப் பைக்கு மேலே போடும் மழை உறையை மட்டும் நம்பாதீர்கள். முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். பைக்கு உள்ளே பெரிய குப்பைப் பையை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் வைத்து முறுக்கிவிட்டால் ஆற்றில் விழுந்தாலும் உள்ளே நனையாது.

மூன்றாவது, மழையங்கி, அவசரப் போர்வை, விசில். விசிலைப் பைக்குள் போடாமல் தோள்பட்டையில் தொங்கவிடுங்கள். கத்திக் கத்தித் தொண்டை அரை மணி நேரத்தில் கட்டிவிடும், விசிலுக்குக் கட்டாது. மூன்று முறை ஊதி, நிறுத்தி, மறுபடி மூன்று முறை ஊதுவது உதவி கேட்கும் அடையாளம். இதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நான்காவது, தண்ணீரும் உப்பும். மணிக்கு அரை லிட்டர் என்று கணக்கு வைத்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். வயிற்றுப்போக்குக்கு மருந்தகத்தில் தரும் உப்புச் சர்க்கரைப் பொடி இரண்டு பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வடிகட்டியோ கொதிக்க வைத்தோ குடியுங்கள். எலிச் சிறுநீரால் பரவும் நோய் நம் ஆறுகளில் உண்டு. காலில் வெட்டுக்காயம் இருந்தால் பிளாஸ்டர் போட்டு மூடிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவதுதான் சப்பாத்து. ஆறாவது முதுகுப் பை. பையை வாங்கும்போது அழகைப் பார்க்காமல் இடுப்புப் பட்டையைப் பாருங்கள். பாரம் தோளில் இல்லாமல் இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். கடையில் ஏழெட்டுக் கிலோ எடை போட்டுப் பத்து நிமிடம் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். குட்டையான முதுகுள்ள பெண்களுக்கு ஆண்களின் பை சரியாக வராது. பட்டை இடுப்பில் நிற்காமல் தொடைக்கு இறங்கிவிடும். நானே மூன்று கடை ஏறி இறங்கித்தான் என் பையைக் கண்டுபிடித்தேன்.

அட்டையைப் பற்றிக் கேட்காத நேயரே இல்லை. நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை கிடைக்கிறது, நன்றாகவே தடுக்கும். கடித்துவிட்டால் பதறிப் பிய்க்க வேண்டாம். வாய் ஒட்டியிருக்கும் இடத்தில் நகத்தை ஓட்டித் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் வழியும். அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

பாட்டியின் தலைவிளக்கு

என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு, அதற்கப்புறம் இருட்டிலேயே காட்டுக்குள் நடை. நெற்றியில் கார்பைட் விளக்கு. புடவைக்கு மேலே தாத்தாவின் முழுக்கைச் சட்டை, கொசுவுக்காக. இடுப்பில் புகையும் கொசுவர்த்தி. தலையில் துண்டு. காலில் ரப்பர் சப்பாத்து. ஒரு போத்தலில் வரக்காப்பி. மழை வந்தால் பிளாஸ்டிக் விரிப்பு.

நான் முதல்முறை தலைவிளக்கு வாங்கிக்கொண்டு வந்து பெருமையாகக் காட்டியபோது, "இதத்தானே நாங்க முப்பது வருசம் போட்டோம்? இப்ப இதுக்குக் காசு குடுத்து மலைக்குப் போறீங்களா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு பாடம் இருந்தது. அவர்கள் ஒவ்வொரு பொருளையும் இருட்டு, மழை, கொசு, வழுக்கல் என்று ஏதோ ஒன்றுக்குப் பதிலாகத்தான் எடுத்துப் போனார்கள். படத்துக்காக எதையும் சுமக்கவில்லை. உங்கள் வீட்டிலும் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர் இருந்தால், கடைக்குப் போவதற்கு முன் அவரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள்.

மலைக்கு ஏற்ற மூட்டை

ஒரு மலைக்குக் கட்டிய மூட்டை இன்னொரு மலைக்குப் பொருந்தாது. தீபகற்பத்தின் உயர்ந்த சிகரம் குனோங் தாஹான், 2,187 மீட்டர். பல நாள் நடை. அங்கே ஒவ்வொரு கிராமும் முதுகில் ஏறும். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்காமல் இருப்பது நல்லது. கூடாரத்தை விட, மரத்தில் கட்டும் ஹேமோக்கும் மேலே பிளைஷீட்டும் நம் ஈரத் தரைக்குப் பல நேரம் வசதி. மெராபோ வழியாகப் போகிறவர்களின் பொருள்களைத் தேசியப் பூங்கா அதிகாரிகள் எண்ணிக் குறித்துக்கொள்வார்கள். திரும்பும்போது குப்பையெல்லாம் திரும்ப வந்ததா என்று பார்ப்பார்கள். தேவையில்லாததைக் குறைக்க அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

கினபாலு 4,095 மீட்டர். கடைசி ஏற்றம் நள்ளிரவு தாண்டித் தொடங்கும். உச்சியில் வெப்பம் பூஜ்யத்தை நெருங்கும். அங்கே கையுறை, காதை மூடும் தொப்பி, காற்றைத் தடுக்கும் மேலாடை எல்லாம் அவசியம். ஆண்டுக்கு ஒரு முறைதான் போகிறீர்கள் என்றால் குளிராடையை இரவல் வாங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இரவல் சப்பாத்து மட்டும் வேண்டாம். எந்தச் சப்பாத்தானாலும், பெரிய மலைக்கு முன் இரண்டு சின்ன மலை ஏறிப் பார்த்துவிடுங்கள். அடிப்பாகத்தைக் கையால் வளைத்துப் பார்த்து, விரிசலோ பொடியோ தெரிந்தால் அன்றே ஒதுக்கிவிடுங்கள்.

கடையில் கிடைக்காதவையும் உண்டு. பல மலைகளுக்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். சிலவற்றுக்கு வழிகாட்டி கட்டாயம். ஆற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கி, இலையும் குச்சியும் அடித்து வந்தால் மேலே மழை பெய்து கெப்பாலா ஆயர் வருகிறது என்று பொருள். எந்த விலையுயர்ந்த பொருளும் உதவாது, உடனே கரையேற வேண்டும். திரும்பும் நேரம் ஒன்றைக் காலையிலேயே முடிவு செய்து, உச்சி எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் அந்த நேரம் வந்ததும் திரும்பிவிட வேண்டும்.

கடைசியாக ஒரு துண்டுக் காகிதம். மலையின் பெயர், ஏறும் வழி, கூட வருகிறவர்கள், வண்டி எண், எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் 999-க்கு அழைக்க வேண்டும் என்று எழுதி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். என்னுடையது குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தோடு ஒட்டியிருக்கும். எட்டு மணி என்று நான் எழுதியிருந்தால், அம்மா ஏழே முக்காலிலிருந்தே தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். அதனால் கீழே இறங்கியதும், கால் கழுவுவதற்கு முன்னால், முதல் அழைப்பு அவருக்குத்தான். "வந்துட்டேம்மா" என்று சொன்னதும், "சரி, தோசை மாவு இருக்கு, சீக்கிரம் வா" என்பார்.